பதினேழு கல்லில் தொடங்கிய கடை

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "லெபோ அம்பாங் பக்கம் என் தாத்தா வைத்திருந்த கடையில் பூப்போட்ட பழைய தரை இருக்கிறது. சில கற்கள் உடைந்துவிட்டன. பினாங்கில் இப்படிக் கையால் செய்த தரைக்கல் கிடைக்கும் என்கிறார்கள். அந்த வியாபாரம் அங்கே எப்படித் தொடங்கியது? செட்டியார்கள் செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியிலிருந்து கொண்டுவந்ததுதானா? நானும் அங்கிருந்து கல் இறக்கி விற்கலாமா?"

நான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் ஒரு சிறிய தரைக்கல் பட்டறை நடத்துகிறேன். தகரக் கூரை, நான்கு தண்ணீர்த் தொட்டிகள், இரண்டு மேசைகள், என்னோடு இன்னும் இருவர். அப்பா தொடங்கியது. ஆகவே இந்தப் பதிலில் பாதி படித்துத் தெரிந்துகொண்டது, பாதி விரலைச் சிமெண்டு அரித்ததால் தெரிந்துகொண்டது. பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாடிக்கையாளர்கள் டைல்ஸ் என்கிறார்கள். மலாய்க்காரர்கள் ஜூபின் என்பார்கள். அப்பா கடைசிவரை பூக்கல் என்றே சொன்னார். நானும் அப்படியே எழுதுகிறேன். ஓடு என்றால் எனக்குக் கூரைதான் நினைவுக்கு வருகிறது.

செட்டியார்கள் கொண்டுவந்தது என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது. லெபோ பினாங்கு என்ற தெருவில் நின்றுகொண்டு சுற்றுலாப் பயணிகளிடம் அதைச் சொல்கிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் நான் இதுவரை பெயர்த்துப் பார்த்த பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரத் தரைகளில் ஆத்தங்குடிக் கல் ஒன்றுகூட இருந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் வியப்பும் இல்லை. நகரத்தார், அதாவது அந்தச் செட்டியார்கள், இங்கே வட்டித் தொழில் செய்தது கிட்டங்கியில். நீண்ட கூடம், ஆளுக்கொரு பெட்டகம், ஒரு சாய்மேசை, ஒரு பாய். மூன்றாண்டுத் தவணைக்கு வந்த ஏஜென்டு அந்தச் சிறிய இடத்திலேயே கணக்கெழுதி, அங்கேயே படுத்து எழுந்து, தவணை முடிந்ததும் ஊருக்குக் கப்பலேறினார். அவருக்கு இங்கே தரையில் பூ எதற்கு? பூ ஊரில் இருந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் சேர்ந்த வட்டிப் பணம்தான் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணாகவும் இத்தாலியப் பளிங்காகவும் ஆத்தங்குடித் தரையாகவும் மாறியது. பினாங்கிலிருந்து பணம் அங்கே போனது. கல் இங்கே வரவில்லை. இந்த ஊரில் அவர்கள் தாராளமாகச் செலவழித்தது முருகனுக்கு. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அப்படியானால் கடை எப்படி வந்தது? மற்றவர்கள் கடையைப் பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் கதையைச் சொல்கிறேன். அதற்கு ஒரு சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை, போருக்கு முந்தைய கடைவீடுகளுக்கு வாடகை சொற்பம். வருகிற வாடகையில் கூரை ஒழுகலைக்கூட அடைக்க முடியாது என்று உரிமையாளர்கள் பலர் வீட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். குடியிருந்தவர்களோ அடுத்தவர் வீட்டுக்கு ஏன் செலவு செய்யப் போகிறார்கள்? எனவே எதுவும் மாறவில்லை. இன்று புகைப்படம் எடுத்து மகிழ்கிற தரைகள் யாரோ அக்கறையாகக் காப்பாற்றி வைத்தவை என்று நினைக்காதீர்கள். யாரும் காசு போடாததால் தப்பித்தவை அவை. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. அவகாசம் முடிந்து 2000 ஜனவரி 1இல் கட்டுப்பாடு போனது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பெட்டியைக் கட்டின. அவர்கள் வெளியே வந்த கையோடு கட்டட வேலைக் குத்தகைக்காரர்கள் கடப்பாரையோடு உள்ளே போனார்கள். என் அப்பா அந்தக் குத்தகைக்காரர்களில் ஒருவரிடம் கொத்து வேலை பார்த்தார். பழைய தரையைப் பெயர்த்து லாரியில் ஏற்றுவதும் அவர் வேலைதான். எத்தனை தரையை உடைத்தீர்கள் என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றிவிடுவார்.

2002இல் லெபோ சூலியாவை ஒட்டிய ஒரு சந்தில் ஒரு கடைவீடு. வாடகைக்கு இருந்தவர்கள் கூடத்தின் ஓரத்தில் சிமெண்டால் அடுப்பு மேடை கட்டியிருந்தார்கள். மேடையை இடித்தபோது அடியிலிருந்த கற்களும் சேர்ந்து பெயர்ந்துவிட்டன. எண்ணினால் 17 கற்கள் போன இடம் வெறும் மண்ணாக இருந்தது. உரிமையாளர் ஒரு வயதான ஹொக்கியன் சீன அம்மையார். அந்த வீட்டில் பிறந்தவர். முழுத் தரையையும் மாற்றிவிடலாம், புதிதாகப் பளபளவென்று போட்டுத் தருகிறோம் என்றார் குத்தகைக்காரர். அதே பூ வேண்டும், இல்லாவிட்டால் மண்ணாகவே இருக்கட்டும் என்றார் அம்மையார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லைச் செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தார்.

அது சிமெண்டுக் கல் என்பது அவருக்குப் பார்த்ததும் தெரிந்திருந்தது. இளம் வயதில் மொசைக் தரை போட்ட கை. ஆனால் தெரிவது வேறு, செய்வது வேறு. முதலில் பலகைமீது வார்த்தார். முகம் சொரசொரவென்று வந்தது. பிறகு படச்சட்டக் கடையில் கண்ணாடி வாங்கிவந்தார். கேக் அச்சு செய்யும் தகரப் பட்டறைக்காரர் ஒருவரிடம் பித்தளைத் தகட்டை வளைத்துப் பூ அச்சு செய்யச் சொன்னார். சாயத்தூளை அளக்க என் தங்கையின் பால்மாவு டப்பாக் கரண்டி. சாயக் கூழ் தண்ணீராக இருந்தால் சிவப்பு கசிந்து வெள்ளைக்குள் ஓடியது. கெட்டியாக இருந்தால் இதழின் முனைக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாம் சரியாக வந்த கல்லோ காய்ந்ததும் வெளுத்துவிட்டது. ஈரத்தில் இருக்கும் நிறமும் உலர்ந்த பின் நிற்கும் நிறமும் ஒன்றல்ல. கலவை சரியா தவறா என்று தெரிந்துகொள்ளவே இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். 17 கல்லுக்குப் பதினோரு வாரம் ஆயிற்று. செலவைக் கணக்குப் பார்த்தால் நஷ்டம். அம்மா அந்தப் பதினோரு வாரமும் பேசியதை இங்கே எழுத முடியாது.

பதித்து முடித்த அன்று அம்மையார் வந்து தரையைப் பார்த்தார். புதுக் கல் எது என்று கேட்டார். அப்பா காட்டவில்லை, தேடிக் கண்டுபிடியுங்கள் என்றார். அடுத்த வாரம் அம்மையாரின் உறவினர் ஒருவர் நாற்பது கல் வேண்டும் என்று வந்தார். கடை அப்படித்தான் தொடங்கியது.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வியாபாரம் புதுத் தரை போடுகிறவர்களை நம்பித் தொடங்கியதல்ல. விட்டுப்போன இடத்தை நிரப்பத் தொடங்கியது. இன்றும் எங்களுக்குச் சோறு போடுவது அதுதான். பம்பாயில் பெரோஸ்ஷா சித்வா 1922இல் பாரத் ஃப்ளோரிங்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுக் கல்லுக்கு நிகராகச் சுதேசிக் கல் என்ற ஒரு கொள்கை இருந்தது. எங்களுக்கு அப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஓர் அடுப்பு மேடைதான்.

இனி உங்கள் தாத்தா கடைக்கு வருகிறேன். விலை பேசுவதற்கு முன் அந்தத் தரை எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய பூத்தரை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. இங்கேயே வேரூன்றிய சீன வம்சாவளியினரான பெரானாகான்களின் பெயரை ஒட்டி, பெரானாகான் டைல்ஸ் என்று சொல்லிவிட்டால் விலை கூடுகிறது என்பதைத் தவிர அதில் எந்தப் பயனும் இல்லை. மூன்று வகை இருக்கின்றன; மூன்றும் மூன்று திசையிலிருந்து வந்தவை.

முதலாவது சுட்ட களிமண் கல். இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வட்டாரத்தில் செய்தது. வெவ்வேறு நிற மண்ணை ஒன்றுக்குள் ஒன்று பதித்துச் சுடுவார்கள். 1830இல் சாமுவேல் ரைட் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். ஹெர்பர்ட் மிண்டன் அதில் பங்கு வாங்கித் தொழிலாக வளர்த்தார். 1840இல் ரிச்சர்ட் பிராசர் என்பவர் உலர்ந்த மண்தூளை அழுத்திக் கல்லாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பிறகு கல் மலிவாயிற்று, ஏராளமாயிற்று, கப்பலேறியது. லெபோ லீத்தில் உள்ள, சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸேயின் நீல மாளிகையிலும், சர்ச் தெருவில் இருக்கும் பெரானாகான் மாளிகையிலும் காலடியில் கிடப்பது இந்த ஸ்டோக் கல்தான். அங்கே போகிறவர்கள் எல்லாரும் மேலே மரச் செதுக்கலை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் குனிந்து நடந்து ஒருமுறை ஒரு வழிகாட்டியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது மஜோலிக்கா. இது தரைக்கல்லே அல்ல, சுவர்க்கல். கடைவீட்டின் முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் நடக்கும்போது சன்னலுக்குக் கீழே இடுப்புயரத்துக்குப் புடைப்பாக ரோஜாவும் மயிலும் பதித்திருப்பார்களே, அதுதான். முதலில் ஐரோப்பியக் கல் வந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து 1930கள் வரை ஜப்பானியர்கள் அதே பாணியில் செய்து ஆசியா முழுவதும் விற்றார்கள். இந்தியச் சந்தைக்கென்று கண்ணன் படம் போட்ட கல்லும் செய்தார்கள். காரைக்குடிப் பக்கத்து வீட்டுச் சுவரிலும் பினாங்குச் சுவரிலும் ஜப்பானியக் கல்லைப் பார்க்கலாம். இரு ஊருக்கும் பொதுவான கல் எது என்று தேடினால் இதுதான் கிடைக்கிறது, ஆத்தங்குடி அல்ல.

மூன்றாவதுதான் நாங்கள் செய்வது: சுடாத சிமெண்டுக் கல். ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் இப்படி ஒன்று சாத்தியமாயிற்று. 1867இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் பார்சிலோனாவிலிருந்து வந்த ஒரு நிறுவனம் இதைக் காட்டியது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், ஓர் அச்சும் ஓர் அழுத்தும் கருவியும் போதும். அதனால் சூளைக்கு வசதியில்லாத ஊர்களுக்கும் தொழில் பரவியது. பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வியட்நாமுக்குப் போனது. அங்கே இதற்குப் பெயர் காட்ச் போங். தெற்கத்திப் பேச்சில் போங் என்றால் பூ. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, பூக்கல் என்று நான் சொன்னது சரிதானே என்று ஒரு மாதம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடைந்த கல் ஒன்றின் விளிம்பைப் பாருங்கள். மேலே மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு நிறம், அதற்குக் கீழே சாம்பல் நிறம் என்றால் சிமெண்டு. உடம்பு செம்மண்ணாகவோ சந்தன நிறமாகவோ இறுகி இருந்தால் சுட்ட கல். பின்புறம் திருப்பினால் பெரும்பாலும் செய்தவர் பெயர் அழுத்தியிருக்கும். மேலே கண்ணாடிபோல ஒரு பூச்சு மட்டும் இருந்து, சில்லு பெயர்ந்த இடத்தில் வெளுத்த மண் தெரிந்தால் மஜோலிக்கா. உடைந்த கல்லே இல்லை என்றால் ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சிமெண்டு நுரைக்கும், அந்த இடம் மங்கும். சுட்ட கல் அசையாது. லெபோ பாசாரில் ஒரு கடையின் வாசல் கற்களில் வட்டவட்டமாக நிறம் போயிருந்தது. என்ன கறை என்று உரிமையாளருக்கு விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் தடவிய எலுமிச்சையை இரண்டாக அறுத்து வாசலில் இருபுறமும் வைக்கிறார்கள். பல ஆண்டுத் திருஷ்டி அந்தக் கல்லில் இறங்கியிருந்தது.

இது விளையாட்டுச் செய்தி அல்ல. சிமெண்டுத் தரைக்கு அமிலம்தான் முதல் எதிரி. ஓர் உணவகத்துக்கு நாங்கள் போட்டுக் கொடுத்த புதுத் தரையை, திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு கழிவறை கழுவும் திரவத்தால் தேய்த்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது மூன்று ஆண்டு நடந்த தரைபோல இருந்தது. கல் சரியில்லை என்று பாக்கிப் பணத்தையும் தரவில்லை.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ஆத்தங்குடி முறைக்கும் எங்கள் முறைக்கும் உள்ள உறவு அதில்தான் இருக்கிறது. பார்சிலோனா முறையில் அச்சுக்குள் நிறத்தை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கும் மேல் கலவை நிரப்பிப் பெரிய அழுத்தத்தில் நசுக்குவார்கள். ஆத்தங்குடியில் அழுத்தும் இயந்திரம் கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய நிறக் கூழை ஊற்றி, அச்சைச் சட்டென்று மேலே தூக்கி, உலர்ந்த கலவையைத் தூவுவார்கள். அது நிறத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சி இறுக்கும். பின்பு அந்த ஊர் மணல் கலந்த சிமெண்டை நிரப்பிக் கரணையால் தேய்த்துவிடுவார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடி கழன்று வரும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மெருகு இயந்திரம் கொடுத்ததல்ல. வீட்டில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, கால் படப்பட அது இன்னும் ஏறும்.

அப்பா படச்சட்டக் கண்ணாடிமீது வார்த்தபோது ஆத்தங்குடியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. 2005இல் ஊருக்குப் போன இடத்தில் காரைக்குடியிலிருந்து ஒரு நடை போய்ப் பார்த்தார். திரும்பி வந்து இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், மூன்று வருடம் நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை அங்கே ஒரு பையன் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்கிறான் என்றார். அச்சைத் தூக்கும் வேகத்தை அங்கேதான் கற்றார். மெதுவாகத் தூக்கினால் நிறத்தைத் தகடு இழுத்துக்கொண்டு வரும். எங்கள் கல்லின் கோடு கூர்மையானது அதற்குப் பிறகுதான். ஆக, செட்டிநாட்டுக்கும் எங்கள் கடைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பின்னால் வந்த தொடர்பு.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்டு காரமானது, எல்லாச் சாயமும் அதில் நிலைக்காது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றுக்கும் இரும்பு ஆக்ஸைடு. பச்சைக்குக் குரோமியம் ஆக்ஸைடு. இவை வெயிலுக்கும் சுண்ணத்துக்கும் அசையாதவை. நீலம்தான் தொல்லை. நல்ல நீலத்துக்குக் கோபால்ட் வேண்டும், அது விலை. மலிவான நீலம் சீக்கிரம் நரைக்கும். எங்களிடம் நீலம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விலையைச் சொல்கிறேன். பாதிப்பேர் பச்சைக்கு மாறிவிடுகிறார்கள். சாயத்தூளை அள்ளிப்போட்டால் நிறம் அடர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சிமெண்டின் எடையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் கல்லின் வலு குறைந்து, மேற்பரப்பு மாவாக உதிரும்.

எல்லாவற்றையும்விட எங்களை அழவைப்பது உப்பு. கல்லுக்குள் இருக்கும் சுண்ணம் ஈரத்தோடு மேலே வந்து வெள்ளையாகப் பூத்துவிடும். காரைக்குடி வெயிலில் ஆற்றிக்கொள்ளும் கல்லுக்கும், செப்டம்பர் அக்டோபர் மழையில் பினாங்கில் கிடக்கும் கல்லுக்கும் வேறுபாடு இருக்காதா? நாங்கள் அந்த மாதங்களில் கல்லை 28 நாளுக்கு முன் வெளியே அனுப்புவதில்லை. அப்படியும் பூக்கிறது. பழைய கடைவீடுகளில் இன்னும் மோசம். அந்தக் காலத்தில் மண்ணின்மேல் சுண்ணக் கலவை பரப்பிக் கல்லைப் பதித்தார்கள். நிலத்தின் ஈரம் கல் வழியாக மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. இப்போது சிமெண்டுப் படுக்கை போட்டு, மேலே பிளாஸ்டிக் போன்ற பூச்சும் அடித்துவிடுகிறார்கள். ஈரம் போக வழி தேடி, சுவரில் ஏறிச் சுண்ணப் பூச்சைத் தள்ளுகிறது. பிறகு வீடு ராசியில்லை என்கிறார்கள்.

2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு எங்கள் தொழிலுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் நடந்தன. தரையை உடைக்கும் கை தயங்க ஆரம்பித்தது, அது நல்லது. தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் தெருவுக்குத் தெரு முளைத்து, எல்லாருக்கும் பூத்தரை வேண்டும் என்றானது. ஒரே பூவை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தோம். கையில் காசு புரண்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் காப்பிக் கடைக்காரர் இரண்டு ஆண்டில் கடையை மூடிவிட்டுப் போகிறார், அடுத்து வருகிறவர் வினைல் விரிக்கிறார். அதே பூவைச் சுட்ட பீங்கானில் அச்சடித்து, எங்கள் விலையில் சிறு பங்குக்கு விற்கும் கல்லும் வந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே வேறுபாடு தெரியாது. கிட்டத்தில் தெரியும்: அச்சடித்த கல்லில் பத்துக் கல்லுக்கு ஒருமுறை அதே கீறல் திரும்ப வரும். 17 கல் கேட்டு வருகிறவருக்கு அந்தக் கல் உதவாது, அளவும் தடிமனும் நிறமும் சேராது. அவர் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். பெரிய கொள்முதல் வந்தபோது கொழுத்தோம். அது போனபோது சாகாமல் இருந்தது இந்தச் சில்லறை வேலையால்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. ஆத்தங்குடிக் கல்லை இறக்கி விற்கலாமா? விற்கலாம், சட்டப்படி தடை இல்லை. எடைக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எட்டு அங்குலச் சதுரக் கல் ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நூறு சதுர அடிக்கு 225 கல்; அதாவது 340 கிலோ. இருபதடிக் கண்டெய்னரில் இடம் நிறைவதற்கு முன்னாலேயே எடை நிறைந்துவிடும். இருபது டன் என்று வைத்தால் 13,000 கல், சதுர அடியில் 5,700க்கு மேல். முதல் சரக்கிலேயே அவ்வளவையும் ஒரே பூவில் எடுத்தால் விற்கப் பல ஆண்டு ஆகும். இருபது பூவில் எடுத்தால் எந்தப் பூவும் ஒரு கூடத்துக்குப் போதாது. சுடாத கல் என்பதால் விளிம்பு எளிதில் பொரியும். நாங்கள் 2011இல் ஒருமுறை ஆசைப்பட்டு இறக்கினோம். படுக்கவைத்து அடுக்கி அனுப்பிவிட்டார்கள்; ஐந்தில் ஒன்று மூலை போய் வந்தது. கல்லை நிற்கவைத்து, முகத்தோடு முகம் சேர்த்து, வைக்கோலோ அட்டையோ இடையில் கொடுத்து அடுக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, ஏற்றும்போது அங்கே ஆள் நிற்க வேண்டும்.

பதிக்கிறவர் கிடைப்பது அதைவிடக் கடினம். பீங்கான் கல் பதித்துப் பழகியவர் ரப்பர்ச் சுத்தியலால் தட்டுவார். சிமெண்டுக் கல் மயிரிழை விரிசல் விடும். கறுப்புச் சாந்தை இடுக்கில் தேய்த்துவிட்டுப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்பார். கல் அதற்குள் கறுப்பைக் குடித்திருக்கும். இடுக்கு நிரப்புவதற்கு முன்பே கல்லுக்குக் காப்புத் திரவம் ஒருமுறை பூச வேண்டும், அதுவும் ஆவி வெளியேற விடுகிற வகையாக. உங்கள் கல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தவறாகப் பதித்தால் பழி உங்களுக்குத்தான் வரும். பதிக்கும் ஆள் உங்களிடம் இல்லாமல் கல் விற்க வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. நாங்கள் அப்படி விற்ற சரக்கெல்லாம் சண்டையில் முடிந்தது.

இறக்கி விற்பதைவிட, சிறிய இடத்தில் ஒரு மேசை போட்டு, இரண்டு அச்சும் நாலு கண்ணாடியும் வாங்கி, உங்கள் தாத்தா கடைத் தரைக்கு வேண்டிய கல்லை நீங்களே செய்து பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கல் வந்தால் போதும். லெபோ அம்பாங்கில் உங்களுடையது போலப் பல கடைகள் இருக்கும். உங்கள் தரை முடிந்ததும் பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்ப்பார். அவரிடமிருந்துதான் வியாபாரம் தொடங்கும்.

பிறைக்கு வருவதாக இருந்தால் சனிக்கிழமை வாருங்கள், அன்று வார்ப்பு இல்லை. வரும்போது உடைந்த கல்லில் ஒரு துண்டு எடுத்துவாருங்கள். நடைபாதையில் கிடந்த துண்டு வேண்டாம். கனமான அலமாரியோ கல்லாப்பெட்டியோ நகர்த்தி, அதற்கு அடியிலிருந்து எடுங்கள். வெயிலும் காலும் படாத இடத்தில்தான் செய்தவர் ஊற்றிய நிறம் அப்படியே இருக்கும். பக்கத்தில் தேய்ந்த துண்டு ஒன்றும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எந்த நிறத்தைப் பிடிப்பது என்பதை உட்கார்ந்து பேசுவோம். கழுவ வேண்டாம், அப்படியே எடுத்துவாருங்கள்.